நல்ல பண்ணையாரும் நான்கு கோழியும்



இன்று நான் சொல்ல வந்தது ஒரு குடும்பத்தின் கதை. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் ஹட்சன் என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் இரு கரையிலும், ஆல்பனி நகரத்தைச் சுற்றிலும், இருநூறு வருஷத்துக்கு மேலாக வான் ரென்சலேர் என்னும் ஒரே குடும்பம் நிலத்தை ஆண்டு வந்தது. "அமெரிக்காவிலா? அங்கே ராஜாவும் இல்லை, பிரபுவும் இல்லை என்றல்லவா கேள்விப்பட்டோம்!" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அப்படி நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்லுகிறேன்.

முதலில் அந்த நிலம் அவர்களுக்கு எப்படி வந்தது? உழுது வந்ததா? காடு வெட்டி வந்ததா? இல்லை. கிலியன் வான் ரென்சலேர் என்பவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து வைர வியாபாரி. டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் டைரெக்டர்களில் ஒருவர். 1629ல் அந்தக் கம்பெனி ஒரு சாசனம் போட்டது. நான்கு வருஷத்துக்குள் ஐம்பது பேரைக் குடியேற்றுகிறவருக்கு ஆற்றோரத்தில் நிலம். அவருக்கு 'பட்ரூன்' என்று பட்டம். ஜமீன்தார் என்றால் உங்களுக்குப் புரியும். ஆனால் கோர்ட்டு வைத்து வழக்குத் தீர்க்கும் அதிகாரமும் பட்ரூனுக்கு உண்டு. சாசனம் போட்ட கம்பெனிக்கு டைரெக்டரும் அவர். சாசனப்படி நிலம் பெற்றவரும் அவர்! 1630ல் அவருடைய ஆட்கள் மொஹிக்கன் என்னும் அந்நாட்டுப் பழங்குடிகளிடம் நிலம் வாங்கினார்கள். கிலியன் தம் ஆயுளில் ஒருநாளாவது அந்த மண்ணை மிதித்ததில்லை. மிதிக்காத மண் பரம்பரைச் சொத்தாயிற்று.

1664ல் நாடு டச்சுக்காரர் கையிலிருந்து இங்கிலீஷ்காரர் கைக்குப் போயிற்று. 1685ல் இங்கிலீஷ் சர்க்கார் அதே சொத்தை உறுதி செய்து கொடுத்தது. 1776ல் அமெரிக்கர் சுதந்தரப் பிரகடனம் செய்தார்கள். ராஜா போனார், பட்ரூன் போகவில்லை. ஆற்றின் நெடுக 24 மைல், குறுக்கே 48 மைல், அதாவது சுமார் 7 லட்சம் ஏக்கர், அப்படியே நின்றது.

அந்த நிலத்தைக் குடியானவனுக்கு எப்படிக் கொடுத்தார்கள்? 'என்றென்றைக்கும்' என்று குத்தகை எழுதிக் கொடுத்தார்கள். நூறு ஏக்கருக்கு வருஷந்தோறும் 10 முதல் 14 புஷல் கோதுமை. ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ. அதன் மேல் நான்கு கொழுத்த கோழி. வண்டி பூட்டிக்கொண்டு போய் ஒருநாள் வேலை. நிலவரியும் குடியானவன் தலையிலேயே. சரி, பாடுபட்டுத் திருத்திய நிலத்தை அவன் விற்றுவிட்டுப் போகலாமா? போகலாம், ஆனால் பல குத்தகைகளில் விற்ற விலையில் கால் பங்கு பட்ரூனுக்கு! கல்லைப் பொறுக்கியவன் இவன். வேலி போட்டவன் இவன். கால் பங்கு அவருக்கு. என்ன நியாயம் என்று கேட்கிறேன்.

இந்தக் குடும்பத்தில் மூன்றாம் ஸ்டீபன் வான் ரென்சலேர் என்பவர் 1764ல் பிறந்தார். அவருக்கு 'நல்ல பட்ரூன்' என்று பெயர். 1824ல் டிராய் நகரத்தில் விஞ்ஞானப் பள்ளிக்கூடம் வைத்தார். அது இன்று பெரிய பல்கலைக்கழகமாக இருக்கிறது. அதற்காக அவரைப் பாராட்டுவதில் நமக்குத் தடையில்லை. ஆனால் அவர் வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள். அந்த மாகாணத்தில் அடிமைமுறை முற்றும் ஒழிந்தது 1827ல்தான். 1825ல் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டில், அவர் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்து, கண் திறந்ததும் தரையில் கிடந்த சீட்டில் ஆடம்ஸ் பெயரைக் கண்டு, கடவுள் காட்டிய வழி என்று அதையே பெட்டியில் போட்டதாக வான் பியூரன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஜனாதிபதியைத் தீர்மானிக்கத் தரையில் கிடந்த சீட்டு போதும்; கோழிக்கு மட்டும் முத்திரை போட்ட பத்திரம் வேண்டும்!

அவரிடம் சுமார் 3,000 குடியானவர்கள் இருந்தார்கள். கொடுக்க முடியாதவனை அவர் நெருக்கவில்லை. பாக்கியை நிற்க விட்டார். ஜனங்கள் அவரை வாழ்த்தினார்கள். ஆனால் பாக்கியை ரத்து செய்து ஒரு வரி எழுதிக் கொடுத்தாரா? இல்லை. 1839 ஜனவரியில் அவர் இறந்தார். உயிலைப் பிரித்தால், பாக்கியை வசூல் செய்து தம் கடனை அடைக்க வேண்டும் என்று இருந்தது. பாக்கி சுமார் 4 லட்சம் டாலர். நேற்று வரையில் தயவு என்று நினைத்தது இன்று கடனாக வந்து வாசலில் நின்றது.

மலைப்பாங்கான ஹெல்டர்பர்க் பகுதிக் குடியானவர்கள் மகன் நான்காம் ஸ்டீபனிடம் சமரசம் கேட்டார்கள். அவர் இணங்கவில்லை. 1839 ஜூலை 4ந் தேதி, நாட்டின் சுதந்தர நாளிலேயே, பெர்ன் என்னும் ஊரில் கூடி, இனிப் பழைய குத்தகைக்குக் கட்டுப்படோம் என்று பிரகடனம் செய்தார்கள். ஜப்திக்கு ஷெரீப் போனார், ஜனங்கள் மறித்தார்கள், டிசம்பரில் கவர்னர் பட்டாளம் அனுப்பினார். கிளர்ச்சி மற்ற ஜில்லாக்களுக்கும் பரவியது. சீட்டித் துணி அங்கியும் ஆட்டுத்தோல் முகமூடியும் போட்டுக்கொண்டு, தகரக் கொம்பு ஊதி ஆள் சேர்த்து, ஏலத்தைத் தடுத்தார்கள். 1845ல் டெலவேர் ஜில்லாவில் ஓர் உதவி ஷெரீப் சுட்டுக் கொல்லப்பட்டார். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்த ஒருவர்தானே! இருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்து, பிறகு ஆயுள் சிறையாக மாற்றினார்கள்.

துப்பாக்கி தராததை ஓட்டு தந்தது. 1846ல் எழுதிய மாகாண அரசியல் சட்டம், அப்படிப்பட்ட பண்ணைக் குத்தகையை இனிமேல் எழுதக்கூடாது என்றும், விவசாய நிலக் குத்தகை 12 வருஷத்துக்கு மேற்படக் கூடாது என்றும் விதித்தது. குடியானவர்கள் ஆதரவில் ஜெயித்த கவர்னர் யங், 1847ல் கைதிகளை விடுதலை செய்தார். ஆயினும் முன்பே எழுதிய பத்திரங்களை அச்சட்டம் தொடவில்லை. அவற்றின்மேல் வழக்குகள் பல வருஷம் நடந்தன.

1765ல் கட்டிய அந்தக் குடும்பத்து மாளிகையை 1893ல் பிரித்துவிட்டார்கள். அதன் கூடத்துச் சுவர்ச் சித்திரக் காகிதம் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் அழகைப் பார்க்கட்டும். அந்தச் சுவருக்குக் கோதுமை அளந்தவர்களையும் நினைக்கட்டும்.

தோழர்களே! கெட்ட எஜமானன் கீழே இருப்பவன் ஒருநாள் எழுந்து கேட்பான். நல்ல எஜமானன் கீழே இருப்பவன் கேட்கவே மறந்துபோகிறான். ஆகையால் யாராவது உங்களிடம் தயவாக நடந்தால் நன்றி சொல்லுங்கள். ஆனால் அதே மூச்சில், "இதை எழுத்தில் கொடுங்கள்" என்றும் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.