கல்லீரல் காத்த கிளியனூர்க்காரர்



நான் வியாபாரி, ஆனாலும் ஒரு டாக்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூரில் பிறந்த டாக்டர் முகமது ரேலா, சென்னை ஸ்டான்லியில் படித்து, லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையில் பேர் பெற்றவர். 1997இல், பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்தினார். கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார்.

கல்லீரல் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டால் இந்தச் சிகிச்சை சிலரைப் பிழைக்க வைக்கும். முற்றிவிட்டால் எந்தக் கைராசியும் உதவாது. என் அத்தாவுக்குத் தெரிந்தபோது முற்றியிருந்தது.

இந்நோய்க்கு ஹெபடைட்டிஸ் பி கிருமி முக்கியக் காரணம். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அதற்கான தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை ரத்தம் சோதித்துப் பாருங்கள். நான் பார்த்துவிட்டேன்.