என்ன தொழில் செய்யலாம்?



வட்டியில்லாக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் 'என்ன தொழில்?' என்றால், 'நீங்களே சொல்லுங்க' என்கிறார்கள். சவூதியிலிருந்து திரும்பிய நம் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செல்போன் கடை வைத்தார்கள். ஒரே தெருவில் மூன்று, இரண்டு மூடியாயிற்று. பத்து வருடச் சம்பாத்தியம் அட்வான்ஸிலும் கண்ணாடி அலங்காரத்திலும் போனது. கேட்காமல் கடன் கொடுத்த எங்களுக்கும் அதில் பங்குண்டு.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ சந்தைக்குத்தான் வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் லாபமாகக் கொண்டு வந்தார்.

நாமும் சந்தையிலிருந்து தொடங்குவோம். நம் தெருக்காரர்கள் எதற்கெல்லாம் பஸ் ஏறி டவுனுக்குப் போகிறார்கள் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். மிக்ஸி ரிப்பேர், தையல், முதியவர்களுக்கு உப்புக் குறைந்த சாப்பாடு... பெண்களும் எழுதுங்கள்; உங்கள் கண்ணில் படுவது எங்களுக்குப் படாது. அதில் உங்கள் கைக்குப் பழகியது எது? ரியாத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர் இங்கே ஏன் செல்போன் உறை விற்க வேண்டும்?

கடை பிடிக்காமல் முதலில் பத்துப் பேருக்குச் செய்து கொடுங்கள். காசு கொடுத்து மறுபடி கேட்டார்களா என்பதையும் எழுதி, அந்த நோட்டோடு வாருங்கள். இஷாவுக்குப் பின் அலுவலகம் திறந்திருக்கும்.