மேலே பறப்பது யாருடையது?



சிறிய கமரா ட்ரோன்களின் பெட்டியைப் பார்த்தால், நிறை என்ற இடத்தில் பெரும்பாலும் 249 கிராம் என்று இருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர் 250 கிராமிலிருந்துதான் தம் ட்ரோனைப் பதிய வேண்டும். சட்டம் கிழித்த கோட்டுக்கு ஒரு கிராம் இப்பால் நின்று தொழிற்சாலை தன் பொருளைச் செய்கிறது. 2019இல் டிஜேஐ நிறுவனம் மெவிக் மினி ட்ரோனை வெளியிட்டபோது ஜப்பானில் எல்லை 200 கிராமாக இருந்தது. அந்த நாட்டுக்கென்றே சிறிய பற்றரி போட்டு 199 கிராமில் ஒன்றைச் செய்தார்கள். ஜப்பானும் விடவில்லை, 2022 ஜூனில் எல்லையை 100 கிராமுக்கு இறக்கிவிட்டது.

இந்த 249 கிராமை நாங்கள் இப்போது மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைக்குக் கொண்டுவருவோம்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிற ஒரு பொடியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் இருக்கிற நாட்டில் இந்த ட்ரோனுக்குப் பதிவு இல்லை, பரீட்சை இல்லை. அம்மம்மாவின் ஊரை மேலிருந்து எடுக்க ஆசை. பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் அந்த ஆசை வரும். களப்பு கடலைத் தேடிப் போகிற இடம் அது. கரையெல்லாம் கண்டல், தெற்கே காயன்கேணிப் பக்கம் பவளப்பாறைக் கடல். அந்தக் கடற்பகுதி 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பது அவனுக்குத் தெரிந்திருக்காது.

அவன் கதை கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தொடங்கிவிடும். இலங்கைக்குள் ட்ரோன் கொண்டுவரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அது வானொலி அலையில் இயங்குவதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவையும் கேட்க வேண்டும். பறப்பதற்கான விதிகளை வைத்திருப்பது சிவில் விமான சேவைகள் அதிகார சபை, 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். 25 கிலோவுக்கு மேற்பட்டவை, 1 கிலோவிலிருந்து 25 கிலோ வரை, 200 கிராமிலிருந்து 1 கிலோ வரை, அதற்கும் குறைந்தவை என்று ட்ரோன்களை நான்கு வகுப்பாக வைத்திருக்கிறார்கள். எந்த வகுப்பு, என்ன நோக்கம் என்பதைப் பொறுத்துப் பதிவும் அனுமதியும் மாறும். கனடாவில் கணக்கிலேயே வராத 249 கிராம் இங்கே மூன்றாம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

எங்கள் நாட்டில் இந்த விதிகள் ஒரே சீராக வளர்ந்தவையும் இல்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இலக்கானது. நான்கு நாட்களில், ஏப்ரல் 25 அன்று, நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதற்குத் தடை வந்தது. குண்டுதாரிகள் முதுகுப் பையோடு நடந்து வந்தவர்கள். என்றாலும் கலியாண வீட்டுக் கமராக்காரரின் ட்ரோனும் அன்று தரையிறங்கியது. அப்போதைய பதற்றத்தில் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தடை பிறகு தளர்ந்தது.

இனி உலகத்தில் பேசப்படுகிற பெரிய மாற்றத்துக்கு வருகிறேன். அதைத் தொலை அடையாளம் என்று சொல்லலாம். ட்ரோன்காரர்கள் ரிமோட் ஐடி என்கிறார்கள்.

அதன் பின்னணியில் பலரும் நினைவுபடுத்துவது லண்டன் கட்விக் விமான நிலையத்தை. 2018 டிசம்பர் 19 இரவு, ஓடுபாதை அருகே ட்ரோன் பறப்பதாகத் தகவல் வந்தது. நத்தாருக்கு ஊருக்குப் போகப் புறப்பட்ட சுமார் 140,000 பயணிகள் நடுவழியில் நின்றார்கள். ஏறத்தாழ ஆயிரம் விமானப் பயணங்கள் இரத்தாயின, அல்லது வேறிடம் திருப்பப்பட்டன. பக்கத்து ஊர்த் தம்பதி ஒன்றைப் பொலிஸ் பிடித்தது. பிறகு அவர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விட்டது. யார்மீதும் வழக்குப் பதியாமலே விசாரணை முடிந்தது.

அமெரிக்காவின் தொலை அடையாள விதி 2021 ஜனவரியில் வெளிவந்தது. பறக்கவிடுகிறவர்கள் 2023 செப்டம்பர் 16 முதல் அதன்படி நடக்க வேண்டும் என்றார்கள். போதிய கருவிகள் கடைக்கு வராததால் 2024 மார்ச் 16 வரை கண்டும் காணாமல் இருந்தார்கள். விதிக்கு உட்பட்ட ட்ரோன் பறக்கும் நேரமெல்லாம், ஒரு விநாடிக்கு ஒரு முறையாவது, தன் அடையாள இலக்கம், தான் இருக்கும் இடம், உயரம், வேகம் ஆகியவற்றை வைஃபை அல்லது புளூடூத் அலையில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இணையம் தேவையில்லை. அருகில் நிற்கிற ஒருவர் கைத்தொலைபேசியில் அதற்கான செயலி வைத்திருந்தால் இவை தெரியும். பறக்கவிடுகிறவரின் பெயரும் முகவரியும் தெரியாது. அவை அதிகாரிகளின் பதிவேட்டில் இருக்கும். ஆனால் இன்னொன்று தெரியும்: அவர் எங்கே நின்றுகொண்டு பறக்கவிடுகிறார் என்ற இடம். சண்டையெல்லாம் அந்த ஒரு தகவலைப் பற்றியதுதான்.

இதை வாகனத்தின் இலக்கத் தகடு போல என்று அமெரிக்க அதிகாரிகள் விளக்குவார்கள். எனக்கு அந்த விளக்கம் ஒத்துவரவில்லை. வாகனத்தை விட்டு இறங்கி அரை மைல் தள்ளி நிற்கிற சாரதியை எந்தத் தகடும் காட்டிக்கொடுப்பதில்லை.

வாகரையில் இருந்து இதை யோசித்தால் இரண்டு பக்கமும் கனமாக இருக்கிறது. முதலில் கீழே இருப்பவர்களின் பக்கம்.

இலங்கை விமானப்படை ஆளில்லா வேவு விமானங்களை 1996இலேயே வாங்கிவிட்டது. அப்போது ட்ரோன் என்ற சொல்லை எங்கள் ஊர்களில் யாரும் அறியார். வன்னிச் சனம் அதன் இரைச்சலை வைத்து வண்டு என்றது. வண்டு சுற்றினால் பின்னால் கிபிர் விமானமோ எறிகணையோ வரும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்கு குழிக்குள் ஓடினார்கள். வாகரை மக்களும் அந்த வானத்தின் கீழ் இருந்தவர்கள்தான். 2006 நவம்பர் 8 அன்று கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்தன. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்கு வந்தபோது ஊரில் சனம் இருக்கவில்லை என்றே சொல்லலாம். மட்டக்களப்புப் பக்கம் நடந்தே போயிருந்தார்கள். அன்றைக்கு இருபது வயதாக இருந்தவருக்கு இன்று நாற்பது ஆகிறது. கலியாணப் படம் எடுக்கிற ட்ரோனின் சத்தத்துக்கும் அவர் நிமிர்ந்து பார்ப்பார். நாங்கள் அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சிரிக்கக் கூடாது.

போரை விடுங்கள், அன்றாட வாழ்க்கையைப் பாருங்கள். கிணற்றடியில் குளிக்கிற பெண்கள், களப்பில் முழங்கால் தண்ணீரில் இறால் பிடிக்கிறவர்கள், காட்டோரமாகக் குடியிருக்கிற வேடர் வழிவந்த குடும்பங்கள். எங்கள் ஊரில் வேலி அடைப்பது தெருவில் போகிறவனின் கண்ணுக்கு. மேலே யாரும் வேலி அடைக்கவில்லை. கதிர்காமப் பாத யாத்திரைக்காரர்கள் வெருகலைத் தாண்டி இந்த வழியாகப் போகும்போதும், வெருகல் முருகன் கோயில் திருவிழாவிலும் யூடியூப் பொடியன்மாரின் ட்ரோன்கள் தலைக்கு மேலே சுற்றுகின்றன. கூட்டத்துக்கு மேலே பறக்கவிடக் கூடாது என்பது விதி. அதை மீறுகிறவர் யார் என்று கீழே நிற்கிறவருக்கு இன்றைக்கு எப்படித் தெரியும்? அவரை விசாரிக்கப் பொலிஸ் வருவதற்குள் ட்ரோன் பைக்குள் போய்விடும்.

ஆகவே தொலை அடையாளத்தின் மிகப் பெரிய நன்மை அதிகாரிக்குக் கிடைப்பது அல்ல என்றே நான் நினைக்கிறேன். அதிகாரிக்கு வேறு வழிகள் உண்டு. கிணற்றடியில் நிற்கிற பெண், தன் தலைக்கு மேலே நிற்பது எந்த இலக்கம் என்று தானே பார்த்து முறைப்பாடு எழுத முடிவதுதான் புதிது. போர்க்காலத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒருபோதும் கிடைக்காத வசதி அது.

மற்றப் பக்கம் பறக்கவிடுகிறவருடையது. ஆளில்லாக் கடற்கரையில், கழுத்தில் இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமதியான கருவியோடு தனியே நிற்கிற ஒருவரின் இடத்தை யாருடைய போனும் காட்டும் என்றால் அது நல்லதுக்கில்லை. இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. இல்மனைற் மண் அகழ்வுக்கும் இறால் பண்ணைத் திட்டங்களுக்கும் எதிராக வாகரை மக்கள் வீதிக்கு இறங்கியிருக்கிறார்கள். அப்படியான விசயத்தில், கண்டல் எவ்வளவு போயிருக்கிறது, மண் எவ்வளவு தோண்டியிருக்கிறது என்பதை மேலிருந்து எடுத்த ஒரு படம் பத்து மனுக்களைவிடத் தெளிவாகச் சொல்லும். அதை எடுக்கிற உள்ளூர் செய்தியாளர் எந்தப் பற்றைக்குப் பின்னால் நிற்கிறார் என்பதையும் அதே அலை சொல்லிவிடும்.

இது வெறும் கற்பனைப் பயமில்லை. டிஜேஐ ட்ரோன்கள் தங்கள் இடத்தையும் இயக்குபவரின் இடத்தையும் தாங்களாகவே ஒரு சமிக்ஞையில் அனுப்பிக்கொண்டிருந்தன. அதைப் பிடிக்க ஏரோஸ்கோப் என்ற கருவியை அந்த நிறுவனமே விற்றது. 2022இல் உக்ரேன் போர் தொடங்கியபோது, தங்கள் ட்ரோன்காரர்களை ரஷ்யப் படை அதை வைத்துத் தேடிப்பிடிக்கிறது என்று உக்ரேன் தரப்பு குற்றம்சாட்டியது. அந்தச் சமிக்ஞை மறைகுறி எதுவும் இல்லாமல் திறந்தபடியே போகிறது என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 2023இல் செய்துகாட்டினார்கள்.

அமெரிக்காவிலும் ஒருவர் வழக்குப் போட்டார். ட்ரோன் பந்தயப் பொருட்கள் விற்கும் டைலர் பிரெனன் என்பவர். வாரண்டு இல்லாமல் என்னைச் சோதனையிடுவதற்கு இது சமம் என்றார். 2022 ஜூலையில் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய வாதத்தை ஏற்கவில்லை. திறந்த வெளியில் பறக்கவிடும்போது இருக்கிற இடம் பொதுவாக அந்தரங்கமல்ல என்பது நீதிபதிகளின் முடிவு. அவர்கள் ஊருக்கு அது பொருந்தலாம்.

ஜப்பான் வேறு மாதிரிச் செய்திருக்கிறது. அங்கே ட்ரோன் தன் பதிவு இலக்கத்தையும் தான் இருக்கிற இடத்தையும் சொல்லும். ஆனால் பறக்கவிடுகிறவர் நிற்கிற இடத்தைச் சொல்லாது. கீழே இருப்பவருக்கு முறைப்பாடு செய்ய இலக்கம் கிடைக்கிறது, ஆளைத் தேடிப் போக வழி கிடைப்பதில்லை. இலங்கையில் நாளை இப்படி ஒரு விதி எழுதப்படுமானால் அமெரிக்காவைப் பார்த்து எழுதாமல் ஜப்பானைப் பார்த்து எழுதுங்கள் என்பேன்.

இந்தியாவிடமிருந்தும் ஒன்றை எடுக்கலாம். அவர்களின் 2021 ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து இணையத்தில் வரைபடமாகப் போட்டிருக்கின்றன. பச்சையில் 400 அடி வரை பறக்க அனுமதி கேட்கத் தேவையில்லை. எளிய ஏற்பாடு, எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் கரையோரத்தில் எந்த முகாமிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று ஒரு பொடியன் இன்றைக்கு யாரைக் கேட்பான்? முகாம் வாசலில் போய்க் கேட்பதற்குத் துணிவு வேண்டுமே. தமிழில் ஒரு வரைபடம், மட்டக்களப்பு மாவட்டச் செயலகத்தில் ஒரு மேசை என்று இருந்தால் பாதி மீறல் தானாகவே நின்றுவிடும் என்று நினைக்கிறேன். தெரியாமல் மீறுகிறவர்களே எங்கள் பக்கம் அதிகம்.

தானே தெர்மோகோலும் மோட்டாரும் ஒட்டிப் பறப்பி செய்கிற மாணவர்களையும் மறக்கக் கூடாது. அடையாளக் கருவியின் விலை சிலவேளை அவர்களுடைய பறப்பியின் விலையையே எட்டிவிடும். அமெரிக்காவில் இப்படியானவர்களுக்காகக் கழகங்களின் மைதானங்களை ஒதுக்கி, அங்கே அடையாளக் கருவி இல்லாமலும் பறக்க விடுகிறார்கள். வாகரையில் ஒரு பாடசாலை மைதானம் போதும்.

கடைசியாக, இராணுவ ட்ரோன்கள் இவ்வகை விதிகளுக்கு வெளியே நிற்பதுதான் உலக வழக்கம். கொவிட் ஊரடங்கு நாட்களில் தலைநகரில் விமானப்படை ட்ரோன்கள் பொலிஸாருக்காக மேலிருந்து பார்த்ததை நாங்கள் அறிவோம். பதிகிறவரின் ட்ரோனுக்கு ஓர் இலக்கம் இருக்கும். அதைக் கேட்கலாம், முறைப்பாடும் செய்யலாம். இலக்கமே இல்லாமல் பறப்பதைப் பற்றி வாகரையிலிருக்கிற ஒருவர் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது என்பதையும் அந்த விதியிலேயே ஒரு பிரிவாக எழுத வேண்டும்.