நாலு வயதுப் பிள்ளைக்கு எழுதிய இசை



சென்ற வருடம் லண்டனில், இக்கல்லூரிப் பழைய மாணவிகள் நாங்கள் நால்வர், செக் நாட்டு இசைக் கச்சேரியொன்றுக்குப் போனோம். பியானோ, வயலின், செலோ மூன்றுந்தான். பள்ளிக்கூட ஆர்மோனியத்தோடு வளர்ந்த எங்களுக்கு விளங்குமோ என்ற பயம் இருந்தது. முதலில் வாசித்தது ஸ்மெத்தானா 1855இல் எழுதியது. மூத்த மகள் நாலு வயதில் செங்காய்ச்சலில் இறந்த துயரத்தில் எழுதினார். இன்றென்றால் பெனிசிலின் போதும்.

வயலின் தனித்துத் தொடங்கியதும் நெடுந்தீவு இறங்குதுறைதான் எங்கள் முன்னே நின்றது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டபடி, சோளகம் அடங்கக் காத்திருந்த தாயைச் சின்ன வயதில் அங்கே கண்டோம். யுத்தகாலம், மருந்துமில்லை, வள்ளமுமில்லை. பிள்ளை பிழைக்கவில்லை. எங்களில் இருவர் வைத்தியம் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இடைவேளையில் நால்வரும் எழும்பவில்லை.