கோயிலாய்க் கட்டியது மனிதர்க்கு ஆனது



பாரிஸ் பட்டணம் போய் வந்தாயே, என்ன கண்டாய் என்று பலரும் கேட்கிறீர்கள். அங்கே ஒரு மேட்டின்மேல் பாந்தியோன் சதுக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் பெருந்தூண்களும் கும்மட்டமுமாக நிற்கும் கட்டடத்தைப்பற்றி மாத்திரம் சொல்லுகிறேன்.

1744-ல் பதினைந்தாம் லூயி ராஜாவுக்குக் கடும் நோய் வந்தது. பிழைத்தால் ழெனவியேவ் என்கிற புனிதவதிக்குக் கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டான், பிழைத்தான். நம்மூரில் வேண்டிக்கொள்ளுகிறவன் தன் தலைமயிரையாவது கொடுக்கிறான். ராஜாவோ லாட்டரிச் சீட்டு விலையை ஏற்றி, ஊரார் பணத்தில் கட்டினான். 1790-ல் வேலை முடிவதற்குள் புரட்சி வந்துவிட்டது. 1791-ல் ஜனப்பிரதிநிதிகள், இது இனி நாட்டுக்கு உழைத்த மனிதர்களின் சமாதி மண்டபம் என்று தீர்மானித்தார்கள்.

மதக் கொடுமையைச் சாடிய வால்டேர் 1778-ல் இறந்தபோது பாரிஸ் பாதிரிமார் ஆறடி மண் தர மறுத்தார்கள். பிணத்தை இரகசியமாய் வெளியூர் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டியதாயிற்று. பதின்மூன்று வருஷம் கழித்து அதே மனிதனை ஊர்வலமாய்க் கொண்டுவந்து, கோயிலாகக் கட்டிய இடத்திலேயே வைத்தார்கள்!

அத்தோடு தீர்ந்ததா? இல்லை. 1806-ல் நெப்போலியன் அதை மறுபடியும் கோயிலாக்கினான். 1830-ல் மாறிற்று. 1851 டிசம்பரில் திரும்பவும் கோயில். 1885-ல் விக்தோர் யூகோ இறந்து, அவரை அங்கே அடக்கம் செய்தபோதுதான் சண்டை ஓய்ந்தது.

1851 மார்ச்சில் பூக்கோ என்பவர் அந்தக் கும்மட்டத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். குண்டு ஆடும் திசை கொஞ்சங் கொஞ்சமாய்த் திரும்புவதை ஜனங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். திரும்புவது பூமி! இதை நம்ப எந்தக் குருவின் வாக்கு வேண்டும்? எந்த வேதம் வேண்டும்? அதேபோன்ற குண்டு 1995 முதல் அங்கே ஆடுகிறது. நானும் நின்று பார்த்தேன்.

குறையும் சொல்லவேண்டும். வாசலில் "பெரிய மனிதர்களுக்கு" என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பாஷையில் மனிதன் என்றாலும் ஆண் என்றாலும் ஒரே சொல். தன் சொந்தத் தகுதிக்காக ஒரு பெண், மேரி கியூரி, உள்ளே வர 1995 வரையில் ஆயிற்று. கடவுளை வெளியேற்றியவர்களுக்கும் ஆண் கர்வம் போகவில்லை பாருங்கள்!

ஆகவே தோழர்களே! கட்டடம் ஒரு சட்டத்தால் கைமாறும்; இன்னொரு சட்டத்தால் திரும்பப் போய்விடும். யோசிக்கிற புத்தி ஜனங்களுக்கு வந்தால்தான் நிலைக்கும். வால்டேர் சமாதியைக் கும்பிட்டு வருகிறவனுக்கும் ழெனவியேவைக் கும்பிட்டவனுக்கும் என்ன வித்தியாசம்? கும்பிடாதீர்கள். குண்டு ஆடுவதைப் பாருங்கள்; ஏன் என்று கேளுங்கள்.