55 வயதில் கைக்கு வரும் பணம்



மாதச் சம்பளத்தில் வாழும் நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெருந்தொகை ஒன்று மொத்தமாகக் கைக்கு வருகிறது. அதுதான் ஊழியர் சேமநிதிப் பணம். இ.பி.எப். பணம் என்றால் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். முப்பது ஆண்டு உழைப்பில் சேர்ந்த அந்தப் பணம் மூன்றே ஆண்டுகளில் கரைந்துபோன கதைகளையும் நாம் கேட்டுத்தான் இருக்கிறோம். ஆகவே, அந்தப் பணத்தைப் பற்றி மக்கள் வழக்கமாகக் கேட்கும் சில கேள்விகளுக்கு இன்று விடை காண்போம்.

முதலில் இந்தப் பணம் எப்படிச் சேர்கிறது என்று பார்த்துவிடுவோம். ஊழியர் சேமநிதி நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இப்போது 60 வயதுக்கு உட்பட்ட தொழிலாளி தம் சம்பளத்தில் 11 விழுக்காட்டைச் சந்தாவாகக் கட்டுகிறார். சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவராயின் முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும். மாதம் 2,000 வெள்ளி சம்பளம் என்றால் தொழிலாளியின் பங்கு 220 வெள்ளி, முதலாளியின் பங்கு 260 வெள்ளி. ஆக மாதம் 480 வெள்ளி சேர்கிறது. முதலாளி இதனை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் செலுத்திவிட வேண்டும். சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றம். ஆகவே உங்கள் கணக்கு அறிக்கையை அவ்வப்போது பாருங்கள். சந்தா விடுபட்டிருந்தால் வாரியத்தில் உடனே புகார் செய்யுங்கள்.

இனி முதல் கேள்வி. "55 வயது ஆனதும் பணம் முழுவதையும் எடுத்துவிட வேண்டுமா?"

எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 55 வயதில் எடுக்கலாம் என்பது உங்களுக்குள்ள உரிமை, கடமை அன்று. முழுவதுமாக எடுக்கலாம், தேவைக்கு ஏற்பப் பகுதி பகுதியாக எடுக்கலாம், மாதாமாதம் வரும்படியும் கேட்கலாம். எடுக்காமல் விட்டால் பணம் செத்துப் போகாது. 100 வயது வரை அதற்கு இலாப ஈவு உண்டு. வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு தருவதற்குச் சட்டமே உறுதி கூறுகிறது. உண்மையில் கிடைப்பது இதைவிடக் கூடுதல்தான். 2023-ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும் 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடும் வழங்கப்பட்டன.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. எனவே 55-இல் பலரும் வேலையில்தான் இருக்கிறார்கள். சம்பளம் வந்துகொண்டுதான் இருக்கிறது. சம்பளம் வரும்போதே சேமிப்பையும் எடுத்துச் செலவு செய்தால், சம்பளம் நின்ற பிறகு எதை எடுப்பது? 55 வயதுக்குப் பின் கட்டும் சந்தா தனிக் கணக்கில் சேரும். அதனை 60 வயதில்தான் எடுக்க முடியும். அதுவரை சேர்ந்திருந்த பழைய பணத்தையும் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? 120,000 வெள்ளி, ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டில் அது 153,000 வெள்ளியைத் தாண்டிவிடும்.

இரண்டாவது கேள்வி. "என் பணம் எத்தனை நாளைக்கு வரும்?"

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்பவர்களோ மிகச் சிலர். அதே 120,000 வெள்ளியை எடுத்துக்கொள்வோம். மாதம் 800 வெள்ளி செலவுக்கு எடுக்கிறீர்கள். பணத்தை வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அது பன்னிரண்டரை ஆண்டில் தீரும். சேமநிதியிலேயே வைத்து, உறுதியளிக்கப்பட்ட 2.5 விழுக்காடு மட்டுமே கிடைத்தாலும் 15 ஆண்டு வரை வரும். 5 விழுக்காடு கிடைத்தால் ஏறக்குறைய 19 ஆண்டு வரும். தொகை ஒன்றே, செலவும் ஒன்றே. 55-இல் தொடங்கினால் முதல் வழியில் 67 வயதோடு பணம் முடிகிறது. கடைசி வழியில் 74 வயது வரை கை கொடுக்கிறது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. அதே 120,000 வெள்ளியில் 50,000 வெள்ளியைப் புது வண்டிக்கும் வீட்டு விசேஷத்துக்கும் செலவிட்டு, எஞ்சிய 70,000 வெள்ளியிலிருந்து மாதம் 1,500 வெள்ளி எடுத்தால், நான்கு ஆண்டு நிறைவதற்குள் கணக்கு வெறுமையாகிவிடும். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

சேமநிதி வாரியமும் இப்படித்தான் கணக்குப் பார்க்கிறது. 2019-ஆம் ஆண்டில் அது வகுத்த அடிப்படைச் சேமிப்பு 240,000 வெள்ளி. மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுக்கு எடுத்தால் வரும் தொகை அது. 60 வயதுக்கு 390,000 வெள்ளி என்ற புதிய அளவு 2026 முதல் படிப்படியாக வரும் என்று 2024-இல் அறிவித்தார்கள். இந்தத் தொகையைக் கேட்டு மலைத்துப் போக வேண்டாம். நம்மிடம் இருப்பது குறைவு என்றால், அதனை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள். கோவிட் காலத்தில், 2020 முதல் 2022 வரை, சிறப்பு அனுமதிகளின் பேரில் உறுப்பினர்கள் எடுத்த பணம் ஏறத்தாழ 145 பில்லியன் வெள்ளி. வயிற்றுப்பாட்டுக்காக எடுத்தவர்களைக் குறை கூற முடியாது. ஆனால் அன்று எடுத்தவர்கள் வேலையில் இருக்கும்போதே அந்தக் குழியை நிரப்பப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி, பெற்றோரின் கேள்வி. "மகளின் திருமணத்துக்கும் மகனின் தொழிலுக்கும் கொடுக்காமல் இருக்க முடியுமா?"

பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எந்தத் தாய் தந்தையிடமும் சொல்ல முடியாது. ஆனால் தனக்கு மிஞ்சித்தான் தானம். மகனுக்கு வயது முப்பது. இன்னும் முப்பது ஆண்டு அவர் உழைத்துச் சம்பாதிக்கலாம். தந்தைக்கு அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. இன்று பிள்ளையின் தொழிலுக்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, நாளை மருந்துக்கும் மாத்திரைக்கும் அதே பிள்ளையிடம் கை நீட்டினால், இருவருக்கும் மனவருத்தம்தான் மிஞ்சும். கொடுப்பதாக இருந்தால், முதலில் உங்கள் இருபது ஆண்டுச் செலவை ஒதுக்கிவிட்டு, மீதியிலிருந்து கொடுங்கள். கொடுத்ததைத் திரும்பி வராத பணமாகவே எண்ணிக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் கலந்து பேசாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கடனை அடைப்பது பற்றியும் கேட்கிறார்கள். கடன் அட்டைப் பாக்கிக்கு வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு. சேமிப்புக்கு ஈவு 5 அல்லது 6 விழுக்காடு. ஆகவே அந்தப் பாக்கியை அடைத்துவிடுவது புத்திசாலித்தனம். அடைத்த பிறகு அட்டையை மீண்டும் தேய்க்காமல் இருப்பது அதைவிடப் புத்திசாலித்தனம்.

நான்காவது கேள்வி. "நான் இறந்துவிட்டால் என் பணம் யாருக்குப் போகும்?"

இங்கேதான் பல குடும்பங்கள் கண்ணீர் வடிக்கின்றன. நீங்கள் யாரை வாரிசாக நியமித்தீர்களோ அவருக்குப் போகும். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் தாயாரை நியமிக்கிறார். பிறகு திருமணமாகிறது, இரண்டு பிள்ளைகள் பிறக்கின்றன. நியமனத்தை மாற்ற மறந்துவிடுகிறார். 45 வயதில் அவர் திடீரென்று காலமானால், பணம் மனைவிக்குப் போகாது, தாயாருக்கே போகும். திருமணம் ஆனதும் பழைய நியமனம் தானாக மாறிவிடும் என்று எண்ணுவது தவறு. உயிலில் வேறு பெயரை எழுதினாலும் சேமநிதிப் பணத்தைப் பொறுத்தவரை நியமனமே முன்னிற்கும். நியமிக்கப்பட்டவர் முன்னதாகவே இறந்துவிட்டிருந்தால் அந்த நியமனம் செல்லாது. நியமனமே இல்லையென்றால், துயரத்தில் இருக்கும் மனைவி, பெரும்பகுதிப் பணத்துக்கு நிர்வாகப் பத்திரம் பெறவேண்டி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க நேரிடும்.

இசுலாமிய நேயர்களுக்கு ஒரு வேறுபாடு உண்டு. அவர்களால் நியமிக்கப்படுபவர் பணத்துக்கு உரிமையாளர் ஆவதில்லை. அவர் நிர்வாகி மட்டுமே. ஃபராயிட் முறைப்படி வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியவர்.

நியமனத்தை எப்போது வேண்டுமானாலும் கட்டணமின்றி மாற்றலாம். அடையாளக் கார்டோடு சேமநிதி அலுவலகத்துக்குப் போனால் வேலை முடிந்தது.

ஐந்தாவது கேள்வி. "பணத்தைச் சீக்கிரம் பெருக்க வழி இருக்கிறதாமே?"

55 வயது நெருங்கியதும் அதுவரை எட்டிப் பார்க்காத உறவினரும் நண்பரும் வீட்டுக்கு வரத் தொடங்குவார்கள். ஆறு மாதத்தில் இரட்டிப்பு என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டவுடன் கதவைச் சாத்திவிடுங்கள். நம்மவரிடையே பழகிப்போன கூட்டுச் சீட்டு, தொழிலாக நடத்தப்பட்டால் குற்றம். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதனைத் தடை செய்கிறது. நம் தமிழ்ச் சொல்லான 'கூட்டு' அச்சட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றிருப்பது நமக்குப் பெருமை தரும் செய்தி அன்று. சேமநிதிப் பணத்தை எடுக்க இடைத்தரகரும் தேவையில்லை. எடுத்துத் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரிடம் உங்கள் கார்டையோ இரகசிய எண்ணையோ கொடுத்துவிடாதீர்கள்.

கடைசிக் கேள்வி. "சம்பள வேலை இல்லாதவர்கள் என்ன செய்வது?"

ஒட்டுக்கடை வைத்திருப்பவர், வாடகை வண்டி ஓட்டுபவர், வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் தாய்மார் ஆகியோரும் சேமநிதியில் தாமாகவே பணம் கட்டலாம். சுயதொழில் செய்வோருக்கான ஐ-சாரான் திட்டத்தில் 2025-ஆம் ஆண்டுக்கு, கட்டிய பணத்தில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 500 வெள்ளி வரை, அரசாங்கம் கூடுதலாகச் சேர்ப்பதாக அறிவித்தது. ஆண்டுதோறும் விதிகள் மாறக்கூடும். கட்டுவதற்கு முன் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேயர்களே, சேமநிதிப் பணம் அதிர்ஷ்டத்தில் விழுந்த பரிசு அன்று. நீங்கள் ஏற்கெனவே உழைத்துவிட்ட வேலைக்கு, இனி வரப்போகும் மாதங்களில் வாங்க வேண்டிய சம்பளம் அது. சம்பளத்தை மாதாமாதம் எண்ணிச் செலவு செய்தது போலவே இதையும் செலவு செய்யுங்கள். இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்தால் போதும். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அதனை 240-ஆல் வகுத்து, இருபது ஆண்டுக்கு மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று சரிபாருங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.