விழுந்த இடத்திலேயே மீண்டும் நடப்படும் மின்கம்பங்கள்



2018ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 6ஆம் தேதி வந்தது. அது முடிந்து சரியாகப் பத்தாம் நாள் விடியற்காலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் ஊழியர்களில் நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக்காரர்கள் எத்தனை பேர் என்பது சிராங்கூன் சாலைக் கடைக்காரர்களுக்குத் தெரியும். அந்த வாரம் அவர்கள் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தால் மறுமுனையில் மணியே அடிக்கவில்லை. மின்சாரம் போனதும் கைத்தொலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துபோயின. வீடு நிற்கிறதா, தென்னை நிற்கிறதா, அம்மா எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்கக்கூட வழியில்லை.

கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தமிழகத்தின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, இடுப்பளவு சேற்றில் நின்று, கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டார்கள். அந்தப் பணியில் சிலர் உயிரையும் இழந்தார்கள். அப்படியும் பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் இல்லையென்றால் விளக்கு மட்டும்தான் எரியாது என்று நினைத்துவிடக் கூடாது. ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. ஒரே ஜெனரேட்டரை ஊர் ஊராக வண்டியில் ஏற்றிச் சென்று தொட்டியை நிரப்பிய காட்சிகளை அன்றைய செய்திகளில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதே ஊழியர்களில் பலர் சிங்கப்பூரில் செய்யும் வேலை என்ன? சாலையோரம் பள்ளம் தோண்டி மின்வடம் பதிப்பதும் அதில் ஒன்று. ஊரில் புதைவடம் என்று சொல்வது இதைத்தான். புக்கிட் தீமாவிலிருந்து பிடோக் வரை போனாலும், தெருவில் கம்பம் நட்டு வீட்டுக்குக் கம்பி இழுத்த காட்சியைக் காண முடியாது. எல்லாம் மண்ணுக்கடியில். போதாததற்கு, உயர் அழுத்த வடங்களுக்காகவே தரைக்குக் கீழே ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்தில் வடக்கு-தெற்காகவும் கிழக்கு-மேற்காகவும் சுரங்கப் பாதைகளை எஸ்பி குழுமம் அமைத்திருக்கிறது. வீவக புளோக் ஒன்றை அப்படியே உள்ளே இறக்கினால் ஏறக்குறைய இருபது மாடிகள் மறைந்துவிடும். சிங்கப்பூரில் ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஒரு நிமிடம்கூட மின்தடை ஏற்படுவதில்லை.

மின்தடையே வராது என்பதில்லை. 2004ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி இரவு, ஏறத்தாழ மூன்று லட்சம் வீடுகள் இருளில் மூழ்கின. 2018 செப்டம்பர் 18ஆம் தேதி அதிகாலையில் சுமார் ஒரு லட்சத்து 47 ஆயிரம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்று, 38 நிமிடங்களில் திரும்பியது. ஆனால் முதலாவது எரிவாயு வரத்து தடைப்பட்டதால் வந்தது. இரண்டாவது மின் உற்பத்தி இயந்திரங்கள் நின்றதால் வந்தது. இரண்டிலும் காற்றுக்கோ மரத்துக்கோ பங்கில்லை.

சரி, தஞ்சை வட்டாரத்திலும் இப்படியே புதைத்துவிட்டால் என்ன? புயல் அடிக்கும்போதெல்லாம் எழும் கேள்வி இது. கேட்பதற்கு எளிது. சிங்கப்பூரின் பரப்பளவு ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர். தஞ்சாவூர் மாவட்டம் மட்டுமே 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். இங்கே ஒரு புளோக்குக்கு வடம் இழுத்தால் நூறு, இருநூறு குடும்பங்கள் பயன்பெறும். அங்கே ஒரு கிலோமீட்டர் கம்பியில் சில வீடுகளும் நாலைந்து பம்புசெட்டுகளும் மட்டுமே இருக்கலாம். புதைவடத்தின் செலவோ கம்பத்தில் இழுப்பதைப் போலப் பல மடங்கு. சிங்கப்பூரர் ஒவ்வொருவரும் கட்டும் மின்கட்டணத்தில் இந்தக் கட்டமைப்பின் செலவும் அடங்கியிருக்கிறது. தமிழகத்தில் உழவர்களுக்குப் பம்புசெட் மின்சாரம் இலவசம். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புதைவடத்துக்கான பணம் வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

இன்னொன்று, புதைவடத்துக்கும் பகைவன் உண்டு. காற்றுக்குப் பதில் மண்வாரி இயந்திரம். அதனால்தான் சிங்கப்பூரில் தோண்டும் முன்பே வடம் எங்கே ஓடுகிறது என்று வரைபடம் வாங்கிப் பார்த்து, உரிமம் பெற்ற ஆளை வைத்துக் கண்டறிய வேண்டும். 66,000 வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள வடத்தைச் சேதப்படுத்தினால் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் வடத்தைப் புதைத்துவிட்டு வருவது, காசை மண்ணில் புதைப்பதற்குச் சமம்.

ஆகவே கம்பம் ஏன் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எட்டு மீட்டர் சிமெண்ட் கம்பத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் இருக்கும். நவம்பர் மாதத்தில் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும். மண் கூழாக இருக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. இதோடு கம்பியின் மேல் தென்னை சாய்ந்தால் கதை முடிந்தது. ஒரு கம்பம் சாயும்போது அதில் கட்டிய அலுமினியக் கம்பி பக்கத்துக் கம்பத்தை இழுக்கிறது. அது அடுத்ததை இழுக்கிறது. இப்படி ஒன்று விழுந்து இருபதை வீழ்த்துகிறது. லட்சம் கம்பங்களில் காற்று நேராக முறித்தவை ஒரு பங்குதான். மற்றவற்றைக் கூட இருந்த கம்பமே இழுத்துப் போட்டது என்று மின் ஊழியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்தத் தொடர் வீழ்ச்சியைத் தடுப்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. சில கம்பங்களுக்கு ஒன்று வீதம் உறுதியான இரும்புக் கம்பத்தை, கான்கிரீட் அடித்தளம் போட்டு, இருபுறமும் ஸ்டே கம்பி கட்டி நிறுத்தினால் சரிவு அங்கேயே நின்றுவிடும். கம்பங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறைக்கலாம். வயலின் நடுவே குறுக்காகப் போகும் கம்பியைச் சாலையோரத்துக்குக் கொண்டுவரலாம். சாலையோரம் மண் இறுகியிருக்கும், லாரியும் வரும், விழுந்தாலும் தோளில் சுமக்க வேண்டியதில்லை. தென்னந்தோப்பு வழியாகப் போகும் இடங்களில் மட்டும் உறையிட்ட முறுக்குக் கம்பியைப் பயன்படுத்தலாம். ஓலை உரசினாலும் தீப்பொறி பறக்காது.

தீப்பொறி என்றதும், கஜாவுக்கு எட்டே நாள் முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 8ஆம் தேதி, கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ நூறாண்டு பழமையான மின்கோபுரம் ஒன்றில் தேய்ந்துபோன கொக்கி அறுந்தது. அதில் பிறந்த தீ பாரடைஸ் என்ற ஊரையே எரித்துவிட்டது. 85 பேர் மாண்டார்கள். அந்தக் கம்பியை நடத்திய பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் 2020இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2021இல், 16,000 கிலோமீட்டர் கம்பியைப் புதைக்கப் போவதாக அறிவித்தது. ஒரு கொக்கியைக் காலத்தில் மாற்றியிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் இதற்கு விலை கொடுத்தது. 2009 பிப்ரவரி 7ஆம் தேதி காட்டுத்தீயில் இறந்த 173 பேரில் 119 பேரைப் பலிகொண்டது, கில்மோர் ஈஸ்ட் என்ற இடத்தில் அறுந்த ஒற்றைக் கம்பியில் பிறந்த தீ. அதன் பிறகு, கம்பி அறுந்து தரையைத் தொட்டதும் நொடிக்கும் குறைந்த நேரத்தில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் கருவிகளை அந்த மாநிலம் கட்டாயமாக்கியது. தஞ்சைப் பகுதியில் காட்டுத்தீ இல்லையே என்று இதைத் தள்ளிவிட முடியாது. அங்கே அறுந்த கம்பி வயல் தண்ணீரில் கிடக்கிறது. விடியற்காலை மடை திறக்கப் போகும் உழவர் அதை மிதிக்கிறார்; மேய்ச்சலுக்குப் போகும் மாடு மிதிக்கிறது.

புதைப்பதே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். சுனாமியும் 2011 தானே புயலும் தந்த பாடத்துக்குப் பிறகு, உலக வங்கிக் கடனுதவியோடு கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய இடங்களுக்குப் புதைவடத் திட்டம் வந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நகரத்தில் புதைத்துவிட்டு, நகருக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியைத் திறந்த வயலில் விட்டால் புயலன்று நகரமும் இருட்டில்தான் இருக்கும். அதைவிடச் சிற்றூர்களில் எதைப் புதைப்பது என்று தேர்ந்தெடுப்பது முக்கியம். மருத்துவமனைக்குப் போகும் கம்பி, குடிநீர்த் தொட்டியின் மோட்டாருக்குப் போகும் கம்பி, தொலைபேசிக் கோபுரத்துக்குப் போகும் கம்பி. ஒரு சிற்றூரில் இவை பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். அவற்றை மட்டும் புதைத்தால் தோட்டத்துப் பம்புசெட் பத்து நாள் காத்திருக்கலாம். குழந்தைக்குத் தண்ணீர் காத்திருக்க வேண்டாம்.

புயல் முடிந்த மறுநாள் மக்கள் சாலையை மறித்துக்கொண்டு நிற்கும்போது, எந்த அதிகாரியும் கம்பத்தை இடம் மாற்றி நடுவது பற்றி யோசிக்க மாட்டார். கையில் கிடைத்த கம்பத்தை, விழுந்த குழியிலேயே நட்டு விளக்கை எரியவிடத்தான் பார்ப்பார். அவரைக் குறை கூறவும் முடியாது. இடம் மாற்ற வேண்டிய கம்பிகளின் வரைபடம் புயலில்லாத சித்திரையிலேயே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் தயாராக இருக்க வேண்டும். இரும்புக் கம்பங்களும் உறையிட்ட கம்பிச் சுருள்களும் ஐப்பசி பிறக்கும் முன் கிடங்குக்கு வந்திருக்க வேண்டும்.